இவ்வளவு செங்குத்தான சரிவில் ஓர் ஊர் ஏன் வந்தது? ஜெர்மனியின் ஆண்ட்ரேயாஸ்பெர்க்

ஹார்ட்ஸ் மலைக்குப் போன இடத்தில் சாங்க்ட் ஆண்ட்ரேயாஸ்பெர்க் என்ற சிற்றூரைப் பார்த்தோம், தெருக்கள் எல்லாம் ஏணி சாத்தி வைத்ததுபோல் நிற்கின்றன, ஆற்றங்கரையும் இல்லை, வயலும் இல்லை, இந்தச் சரிவில் வந்து யார் எதற்காக ஊர் கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால் வெள்ளி. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். பூமிக்குள் வெள்ளி இருந்தது. அதை மேலே கொண்டுவந்தது தண்ணீர். அந்த ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எதைச் சுற்றியது, எங்கே போய் விழுந்தது என்று பின்தொடர்ந்து போனால் ஊரின் ஐந்நூறு வருட வரலாறும் கூடவே வந்துவிடும்.

முதலில் நிலம். வட ஜெர்மனியின் சமவெளியில் திடீரென்று தனியாக எழுந்து நிற்பது ஹார்ட்ஸ். அதன் உச்சியான ப்ரோக்கன் 1,141 மீட்டர்தான். ஆல்ப்ஸோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு நடுவில் பெரிய தடை ஏதும் இல்லை. முதலில் வந்து முட்டுவது இந்த மலையில். அதனால் மழையும் பனியும் மூடுபனியும் இங்கே தாராளம். மேட்டுப் பகுதியில் கரிநிலச் சதுப்புகள் பரந்து கிடக்கின்றன. பெய்த மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுகிற நிலம் அது.

ப்ரோக்கனுக்குத் தென்மேற்கே, கீழ் சாக்சனி மாநிலத்தில், கோஸ்லார் மாவட்டத்தில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆண்ட்ரேயாஸ்பெர்க். ஊரின் கீழ்க்கோடிக்கும் மேல்கோடிக்கும் நடுவில் நூறு மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். வீடுகள் மரச்சட்டம் வைத்துக் கட்டியவை. காற்றும் பனியும் அரிக்காமல் இருக்க வெளிச்சுவருக்குப் பலகை அடித்து வண்ணம் பூசியிருப்பார்கள். ஒரு தெருவில் நின்று பார்த்தால் எதிர்வீட்டுக் கூரை நம் காலடி மட்டத்தில் இருக்கும். தேவாலயம் கீழே இருக்க, அதன் மணிக்கூண்டு தனியாக மேலே ஒரு குன்றின்மேல் நிற்கிறது. மணியோசை மேடு பள்ளம் எல்லாம் தாண்டிக் கேட்க வேண்டும் அல்லவா. இன்று மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2011 முதல் நிர்வாகத்தில் பக்கத்து ஊரான ப்ரவுன்லாகெயோடு சேர்த்துவிட்டார்கள்.

இனி பாறை. இந்த ஊரின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. களிமண் பலகைப்பாறை, கிரேவாக்கே எனும் கருமணற்பாறை, இடையிடையே எரிமலைப் பாறை என்று பழைய அடுக்குகள். வடக்கே பக்கத்திலேயே ப்ரோக்கனின் கருங்கல். இந்த அடுக்குகளில் பெரிய பெரிய உடைப்புகள் விழுந்திருக்கின்றன. உடைப்பின் இரு பக்கமும் உரசி உரசி, பாறை நொறுங்கிக் களிமண்ணாய்ப் போன பட்டைகளுக்கு உள்ளூர்ச் சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் ‘ரூஷல்’. அப்படி இரண்டு ரூஷல்கள் ஒரு நீள்வட்டம்போல் நிலத்தை வளைத்துப் பிடித்திருக்கின்றன. அந்த வளையத்துக்குள்தான் வெள்ளித் தாது ஓடிய விரிசல்கள். வளையத்தைத் தாண்டினால் அந்தச் செல்வம் கிடையாது. ஆகவே சுரங்கம் தோண்டியவனுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இருக்கவில்லை. சமதளம் இருக்கிறதா, குடிநீர் இருக்கிறதா, கோதுமை விளையுமா என்று பார்த்து வைத்த ஊர் இல்லை இது. தாது எங்கே தலைகாட்டியதோ அங்கே குடிசை போட்டார்கள். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெருக்கல் குறிபோல் சாய்ந்திருக்கும் சிலுவையில் அறையப்பட்டவர் புனித அந்திரேயா. இரண்டு தாது விரிசல்கள் அதே வடிவில் குறுக்கே வெட்டிக்கொண்டதைப் பார்த்துதான் அந்த மலைக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இங்கே கிடைத்த வெள்ளியில் அடித்த காசுகளிலும் சிலுவையோடு அந்திரேயா நிற்பார்.

எழுத்தில் இந்த மலையின் பெயர் முதலில் தென்படுவது 1487இல். அப்போது இந்தப் பகுதி ஹோன்ஷ்டைன் பிரபுக்களின் கையில். 1521இல் அவர்கள் ‘பெர்க்ஃப்ரைஹைட்’ அறிவித்தார்கள். சுரங்கச் சலுகைப் பட்டயம் என்று வைத்துக்கொள்ளலாம். வந்து தோண்ட விருப்பமுள்ளவன் எங்கிருந்தும் வரலாம், வரிச்சுமை இல்லை, பிரபுவின் நிலத்தில் வெட்டி வேலை செய்ய வேண்டாம், காட்டில் மரம் வெட்டிக்கொள்ளலாம். பதிலுக்குக் கிடைக்கும் தாதுவில் பத்தில் ஒரு பங்கும், வெள்ளியை முதலில் வாங்கும் உரிமையும் பிரபுவுக்கு. நிலத்தோடு கட்டுண்டு கிடந்த குடியானவர்கள் நிறைந்த அந்தக் காலத்தில் இந்த வாக்குறுதி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து, இருபது வருடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சுரங்கங்கள் முளைத்துவிட்டன.

வந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கே எர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடரைச் சேர்ந்த கைதேர்ந்த சுரங்கத் தொழிலாளர்கள். அந்த மலையின் பொஹீமியப் பக்கத்தில் இருக்கும் யோவாகிம்ஸ்தால் என்ற ஊரின் வெள்ளிக்காசுதான் ‘தாலர்’ என்று பெயர் பெற்று, பிறகு ‘டாலர்’ ஆனது. அந்த மக்கள் தங்கள் பேச்சையும் சுமந்துகொண்டு வந்தார்கள். சுற்றியுள்ள சமவெளியில் கீழ் ஜெர்மன் பேச்சு புழங்க, ஹார்ட்ஸ் மேட்டின் சுரங்க ஊர்களில் மட்டும் எர்ட்ஸ்கெபிர்கெ வட்டார வழக்கு ஒரு தீவுபோல் நானூறு வருடங்களுக்கு மேல் நிலைத்தது. இன்று அதைப் பேசுவோர் மிகச் சிலர். ஆனால் ‘க்ளூக் அவுஃப்’ என்ற சுரங்கக்காரர் வணக்கம் இன்னமும் அங்கே காதில் விழும். தாது வாய்க்கட்டும், உயிரோடு மேலே வந்து சேர் என்று இரண்டு பொருளும் அதில் கேட்கும்.

இந்த முதல் செழிப்பு நீடிக்கவில்லை. மேலாக இருந்த வளமான தாது தீர்ந்தது, கொள்ளைநோய் வந்தது, அதன்பின் முப்பதாண்டுப் போர். 1593இல் ஹோன்ஷ்டைன் வம்சமும் அற்றுப்போய் ஊர் பிரவுன்ஷ்வைக் வம்சத்தாரின் கைக்கு மாறி, பின்னால் ஹனோவரின் ஆட்சிக்குள் வந்தது. சுரங்கங்கள் மறுபடி உயிர்பெற்றது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இந்த இரண்டாம் சுற்றில்தான் தண்ணீர்க் கதை தொடங்குகிறது.

சுரங்கம் ஆழமாகப் போகப் போக இரண்டு வேலைகள் பெருகும். ஊறுகிற தண்ணீரை இறைத்தாக வேண்டும். வெட்டிய தாதுவை மேலே இழுத்தாக வேண்டும். நீராவி இயந்திரம் வராத காலம். வந்தபிறகும் நிலக்கரி கிடைக்காத மலை. கையில் இருந்த ஒரே சக்தி நீர்ச்சக்கரம். ஆனால் சக்கரத்தைச் சுற்றத் தண்ணீர் வேண்டும், ஊரோ மேட்டுச் சரிவில். தண்ணீரை இறைக்கத் தண்ணீர் இல்லை. கோடையில் ஓடை வறண்டால் சக்கரம் நிற்கும், சக்கரம் நின்றால் கீழ்த்தளங்கள் மூழ்கும், மூழ்கினால் ஊர் முழுக்கப் பட்டினி.

அதற்கு அவர்கள் கண்ட வழி, ரேபெர்க் மலையைச் சுற்றி ஒரு வாய்க்கால். வடக்கே ஓடர் என்ற சிற்றாறு சதுப்புகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. (போலந்து எல்லையில் ஓடும் பெரிய ஓடர் இது இல்லை.) அந்த நீரை மடக்கி, மலையின் இடுப்பைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து ஊருக்குள் விட்டார்கள். 1703 வாக்கில் வேலை முடிந்தது. ரேபெர்கர் கிராபன் என்று பெயர். ‘கிராபன்’ என்றால் வெட்டுவாய்க்கால். முதலில் மரத்தொட்டிகளில் ஓடியது, பிறகு கல் கட்டினார்கள். இவ்வளவு தூரத்துக்கும் சரிவு மிக மிகக் குறைவு. வாட்டம் கூடிப்போனால் தண்ணீர் ஊருக்குக் கீழே போய்ச் சேரும், குறைந்தால் தேங்கி நிற்கும். கையால் பிடித்த மட்டக்கருவியை வைத்துக்கொண்டு, காடும் பாறையுமான மலைச்சரிவில் அந்த வாட்டத்தைப் பிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்த வாய்க்கால் ஓரமாக நான் நடந்திருக்கிறேன். போகும்போது ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் கிடுகிடு பள்ளம், நடுவில் வாய்க்காலும் அதை ஒட்டிய காவல்பாதையும். தண்ணீர் சத்தமே போடாமல் வருகிறது. சதுப்பிலிருந்து வருவதால் நிறம் கடுங்காப்பி; கையில் அள்ளினால் தெளிவாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் வாய்க்காலுக்கு மேலே மூடி போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி விழுந்து அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்தக் காலத்தில் கண்ட உபாயம் அது. வழியில் வாய்க்கால் காவலர் குடியிருந்த வீடு ஒன்று இருக்கிறது. இலை அடைப்பை நீக்குவது, உடைப்பைக் கட்டுவது, உறைபனியைக் குத்தி உடைப்பது எல்லாம் அவர் பாடு. இப்போது அது உணவு விடுதி. குளிர்கால மாலைகளில் அங்கே வைக்கும் தீவனத்துக்குச் செம்மான்கள் காட்டைவிட்டு இறங்கி வரும்.

நடுவழியில் பாதையோரமாக ஒரு பாறைமுகம், ரேபெர்கர் கிளிப்பெ. 1783இல் கவிஞர் கதேயும் சுரங்க அதிகாரி ஃபான் ட்ரேப்ராவும் இங்கே வந்தார்கள். பாறைகள் எப்படி உண்டாயின என்பது கதேயை விடாமல் பிடித்திருந்த கேள்வி. இந்த இடத்தில் கீழே வெளிறிய கருங்கல், அதன்மேல் கறுத்து இறுகிய கொம்புப்பாறை; இரண்டும் சேரும் கோட்டைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். உயரத்தில் இருந்த அந்தச் சேர்க்கையைக் கிட்டப் பார்ப்பதற்காகக் கதே தன் தோள்மேல் ஏறி நின்றதை ட்ரேப்ரா பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். பூமிக்குள்ளிருந்து மேலே தள்ளிய கருங்கல் குழம்பின் சூட்டில் வெந்து மாறியதுதான் அந்தக் கொம்புப்பாறை என்பது இன்றைய விளக்கம்.

வாய்க்கால் போட்டாயிற்று, ஆனால் மழை இல்லாதபோது என்ன செய்வது? அதற்காக 1715 முதல் 1722 வரை கட்டிய ஏரிதான் ஓடர்டைக். ஹார்ட்ஸில் இருந்த மற்ற ஏரிகளின் கரைகள் மண்கரைகள். தண்ணீர் கசியாமல் இருக்கப் புல்தரையைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி இறுக்குவார்கள். ஓடர் பள்ளத்தில் அப்படிப்பட்ட புல்தரைக்கு வழியில்லை, சுற்றிலும் கருங்கல். ஆகவே இரு புறமும் பெரும் கருங்கற்களை அடுக்கி, நடுவில் உதிர்ந்த கருங்கல் மணலை அடித்து இறுக்கினார்கள். 20 மீட்டர் அளவுக்கு உயரம். கொள்ளளவு ஏறத்தாழ 17 லட்சம் கன மீட்டர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு வரை, அதாவது கிட்டத்தட்ட 170 வருடங்கள், ஜெர்மனியில் இதைவிடப் பெரிய அணை கிடையாது. மேலே நின்று பார்த்தால் அணை என்றே தோன்றாது. கார் போகும் சாலை ஒன்று அதன்மேல் ஓடுகிறது. கீழே இறங்கிக் கற்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆள் அளவு. கரையில் கலிங்கும் உண்டு. வெள்ளம் வந்தால் பாறையில் வெட்டிய வழியாகத் தானே வழிந்துவிடும். முந்நூறு வருடமாகக் கரை நிற்கிறது.

இப்படி வந்த தண்ணீரை அவர்கள் ஒருமுறை பயன்படுத்திவிட்டு விட்டுவிடவில்லை. ஊர் சரிவில் இருந்தது இங்கேதான் உதவிக்கு வந்தது. மேலே ஒரு சக்கரத்தைச் சுற்றிய நீர் கீழே அடுத்த சுரங்கத்தின் சக்கரத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்தது, அதன்பின் தாது இடிக்கும் ஆலைகள், கடைசியில் பள்ளத்தாக்கில் வெள்ளி உருக்கும் உலை. எந்த ஏணித்தெருக்கள் உங்களுக்கு மூச்சிரைக்க வைத்தனவோ, அதே சரிவுதான் ஒரே தண்ணீரைப் பல தடவை வேலை வாங்கியது.

இந்தச் சுரங்கங்களில் பெரியது சாம்சன். 1521இல் தொடங்கி 1910 வரை, இடையிடையே நின்றும் நடந்தும் வந்தது. 800 மீட்டருக்கு மேல் ஆழம். தன் காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. இன்று அது அருங்காட்சியகம். உள்ளே நுழைந்தால் 9 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒன்றைப் பார்க்கலாம். ‘கேராட்’ என்பார்கள், திரும்பும் சக்கரம். அதில் தொட்டி வரிசை இரண்டு, எதிரெதிராகத் திறந்தவை. ஒரு மதகைத் திறந்தால் இப்படிச் சுற்றும், அடுத்ததைத் திறந்தால் அப்படிச் சுற்றும். தாதுத் தொட்டியை மேலே இழுக்கவும் கீழே இறக்கவும் அதுவே போதும். அதைவிடப் பெரிய 12 மீட்டர் சக்கரமும் ஒன்று உண்டு.

ஆனால் சாம்சனில் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. தாது சக்கரத்தின் உதவியில் மேலே வந்தது. மனிதன்? ஏணிதான். வேலை நேரம் முடிந்து, களைத்த உடம்போடு, இருட்டில், ஈர ஏணியில், மணிக்கணக்கில் ஏறி வர வேண்டும். சுரங்கம் ஆழமாகும்தோறும் ஏற்றமும் நீளும். நாற்பது வயதுக்குள்ளேயே மூச்சிரைப்பு வந்துவிடும். கீழே வெட்டத் தெரிந்த கைக்கு மேலே ஏறி வரத் தெம்பு இருக்காது.

1833இல் பக்கத்துச் சுரங்க ஊரான க்ளவுஸ்டாலைச் சேர்ந்த சுரங்க அதிகாரி டோரெல் ஒரு வழி கண்டார். சுரங்கக் குழியில் பம்புகளை இயக்கும் நீண்ட கம்பங்கள் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தன. அப்படி இரண்டு கம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி சக்கரத்தோடு பூட்டி, இடைவெளி விட்டு விட்டுக் கால் வைக்கப் படிகளும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகளும் அடித்தால்? ஏறுகிற படியில் நில். அது ஒன்றரை மீட்டர் அளவு ஏறி நிற்கும் அந்தக் கண நேரத்தில், பக்கத்துக் கம்பத்தின் படி இறங்கி வந்து உன் எதிரே நிற்கும். அதற்கு மாறிக்கொள். இப்போது அது ஏறும். மறுபடி மாறு. இப்படியே மாறி மாறி வந்தால் ஏணி ஏறாமலே மேலே வந்துவிடலாம். இறங்குவதற்கும் அதே முறை. பெயர் ‘ஃபார்குன்ஸ்ட்’. சுரங்கக்காரர் பேச்சில் ‘குன்ஸ்ட்’ என்றால் கலை இல்லை, பொறி. ‘ஃபாரன்’ என்றால் ஏறி இறங்குவது.

சாம்சனில் 1837இல் இது வந்தது. இங்கே ஒரு புதுமை சேர்ந்தது: மரக்கம்பங்களுக்குப் பதிலாக இரும்புக் கம்பி வடம். பல கம்பிகளை முறுக்கிச் செய்யும் அந்த வடத்தையும் 1834இல் பக்கத்திலேயே க்ளவுஸ்டாலில் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரிதான் முதலில் சரியாகச் செய்து காட்டினார். இன்று தொங்குபாலமும் லிஃப்டும் நம்பியிருக்கும் கம்பி வடத்தின் முன்னோடி, இந்த மலைச் சுரங்கத்துக் கஷ்டத்திலிருந்து பிறந்தது.

அருங்காட்சியகத்தில் அதை இயக்கிக் காட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கால் வைக்கும் படி ஒரு சிறு பலகைதான். இரண்டு பலகைகளும் சமமாக வந்து நிற்பது ஒரு மூச்சு விடும் நேரம். அதற்குள் மாற வேண்டும். கீழே கிணற்றுக் குழி, ஈரக் காற்று, மரம் முனகும் சத்தம். அதைக் கண்டே எனக்குக் கை வியர்த்தது. ஒற்றை விளக்கோடு தினமும் நூற்றுக்கணக்கான முறை இப்படி மாறி நின்றவர்களுக்கு அது வீட்டுப் படிக்கட்டுபோல் பழகியிருக்க வேண்டும். ஆபத்து இருந்ததில் சந்தேகமில்லை. ஆனாலும் ஏணியோடு ஒப்பிட்டால், ஒரு மனிதனின் உழைப்பு வாழ்நாளில் பல வருடங்களைக் கூட்டிக் கொடுத்தது இந்தப் பொறி. கம்பி வடத்தில் இயங்கும் ஃபார்குன்ஸ்டுகளில் உலகத்திலேயே இன்னும் வேலை செய்வது இது ஒன்றுதான்.

சுரங்கத்தின் தாது பற்றி ஒரு சொல். இங்கே வெள்ளி ஒரே சீராகக் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் வெறும் பாறையை வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று ஒரு குழிவில் கம்பி கம்பியாய்ச் சுத்த வெள்ளியும், இரத்தச் சிவப்பில் மின்னும் வெள்ளித் தாதுவும் கொட்டிக் கிடக்கும். கூடவே ஆர்சனிக்கும், பல வடிவங்களில் கால்சைட் படிகங்களும். உலகின் பெரிய கனிமச் சேகரிப்புகளில் ஆண்ட்ரேயாஸ்பெர்க் என்ற பெயர்ச்சீட்டைப் பார்க்கலாம். சாம்சனைட் என்ற அரிய வெள்ளித் தாது இந்தச் சுரங்கத்தின் பெயரையே தாங்கியது. அது அறிவிக்கப்பட்டது 1910இல், அதாவது சுரங்கம் மூடிய அதே வருடம்.

மூடியதற்குக் காரணம் ஒன்றல்ல. 1866இல் ஹனோவரை பிரஷ்யா விழுங்கியது. 1870களில் புதிய ஜெர்மன் பேரரசு தங்க நாணயத்துக்கு மாறி, வெள்ளிக்காசை ஒதுக்கியது. வெள்ளி விலை சரிந்தது. கீழே தாதுவும் மெலிந்தது. கடைசித் தொட்டி மேலே வந்தபோது ஊருக்கு ஏறத்தாழ நானூறு வருடத் தொழில் முடிந்தது. உருக்காலையும் இரண்டு வருடத்தில் நின்றது.

ஆனால் ஊர் காலியாகவில்லை. அதற்கு ஒரு சிறு மஞ்சள் பறவைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆல்ப்ஸ் மலையின் திரோல் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களோடு 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது கேனரிக் குருவி. குறைந்த கூலியில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது பக்க வருமானம். பெண்களும் குழந்தைகளும் முட்டையும் விதையும் பிசைந்து ஊட்டி வளர்ப்பார்கள். ஆண்குருவிதான் பாடும், அதற்குத்தான் விலை. குஞ்சுகளை வெளிச்சம் குறைந்த சிறு கூண்டில் வைத்து, பக்கத்தில் தேர்ந்த பாடகனான மூத்த குருவியை வைப்பார்கள். கேட்டுக் கேட்டே பாடம். அலகை அவ்வளவாகத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே உருட்டி உருட்டி, தாழ்ந்த குரலில் பாடுவது இந்த இனத்தின் சிறப்பு; ‘ஹார்ட்ஸர் ரோலர்’ என்று உலகமே அறிந்த பெயர். அந்த உருட்டல்களுக்குத் தனித்தனிப் பெயர்களும் வகுத்திருந்தார்கள்: ‘ஹோல்ரோல்லெ’ ஒன்று, ‘க்னோர்ரெ’ ஒன்று, ‘ஹோல்க்ளிங்கல்’ ஒன்று, ‘ஃபைஃபெ’ ஒன்று. நல்ல காதுள்ளவர் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வார். வில்ஹெல்ம் ட்ரூட்டே என்ற ஆண்ட்ரேயாஸ்பெர்க்காரர் வளர்த்த வம்சத்துக் குருவிகள் 19ஆம் நூற்றாண்டில் பெரும்புகழ் பெற்றவை. விரல் நீளக் குச்சிகளில் செய்த மரக்கூண்டுகளை முதுகுச்சட்டத்தில் கோபுரமாக அடுக்கிச் சுமந்து வியாபாரிகள் மலை இறங்குவார்கள். அங்கிருந்து கப்பலேறி நியூயார்க் வரை போயின.

இந்தக் குருவிகளைச் சுரங்க வாயுவைக் கண்டுபிடிக்க வளர்த்தார்கள் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கம் 1890களின் பிற்பகுதியில் ஹால்டேன் என்ற அறிவியலாளரின் யோசனையில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கியது. ஆண்ட்ரேயாஸ்பெர்க்கில் கேனரி வளர்த்தது பாட்டுக்காகவும் அதில் வந்த காசுக்காகவும். சாம்சன் வளாகத்திலேயே இதற்கொரு தனி அருங்காட்சியகம் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

அடுத்து வந்தது காற்று. சளிநோய்க்கும் காசநோய்க்கும் மலைக்காற்று மருந்து என்று நம்பிய காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊரைச் சுற்றி மருத்துவ விடுதிகள் எழுந்தன. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் பிறந்தது பக்கத்து க்ளவுஸ்டாலில், 1843இல். ரயில் 1890இல் வந்தது. ஆனால் நிலையம் கீழே பள்ளத்தாக்கில். அங்கிருந்து ஊருக்கு ஏற 1913இல் பல்சக்கர ரயில் போட்டார்கள். தண்டவாளத்தின் நடுவே பல்லிருக்கும், எஞ்சினின் பல் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 1959 வரை ஓடியது. பனிச்சறுக்கும் கோடை விடுமுறையும் அதன்பின் ஊரை நடத்தின. போருக்குப் பின் ஜெர்மனி பிரிந்தபோது எல்லை கொஞ்ச தூரத்தில்தான் போயிற்று. கண்முன் தெரிந்தாலும் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்ட ப்ரோக்கன் உச்சிக்கு 1961 முதல் 1989 வரை இந்த ஊரார் போக முடியவில்லை.

இப்போது போனால் ஒன்று உங்களை வருத்தும். சுற்றிலும் நரைத்துப் பட்டுப்போன மரங்கள் மலைமலையாக நிற்கும். சுரங்கத்துக்கும் உலைக்கரிக்கும் பழைய கலப்புக் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு, வேகமாக வளரும் ஸ்ப்ரூஸ் மரம் ஒன்றையே வரிசை வரிசையாக நட்டார்கள். 2018 தொடங்கி வந்த வறட்சியில் அவை தளர, பட்டைவண்டு பெருகி அழித்துவிட்டது. அந்தச் சாம்பல் காட்டில் சுரங்கத்தின் கணக்கும் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் பட்ட மரங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள்; அடியில் பார்த்தால் ரோவன், பிர்ச் கன்றுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கின்றன. ஊரை ஒட்டிய புல்வெளிகள் வேறு கதை. சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு வீடு ஒரு மாடு வைத்திருந்தான். அதற்கு வைக்கோல் அறுத்து அறுத்து உண்டான மலைப்புல்வெளிகள் அவை. ஜூன் மாதத்தில் பூக்கும்போது போங்கள்.

ஏரிகள், வாய்க்கால்கள், சுரங்க வடிகால்கள் அடங்கிய மேல் ஹார்ட்ஸ் நீர் மேலாண்மை அமைப்பை 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே பட்டியலில் இருந்த கோஸ்லார் நகரத்தோடும் ரம்மல்ஸ்பெர்க் சுரங்கத்தோடும் இணைத்தார்கள். ஆனால் ஆண்ட்ரேயாஸ்பெர்க்கின் வாய்க்கால் வெறும் காட்சிப்பொருள் ஆகவில்லை. சுரங்கத் தண்ணீரை மேல்மட்டம் வரை இறைக்காமல் இருக்க, மலைக்கு அடியில் சாய்வாகக் குடைந்து பள்ளத்தாக்கில் திறக்கும் வடிகால் சுரங்கங்களை வெட்டியிருந்தார்கள். சாம்சன் குழியில் 130 மீட்டர் ஆழத்தில் ஒன்று, 190 மீட்டர் ஆழத்தில் ஸீபர் ஆற்றுப் பக்கம் போகும் இன்னொன்று. அந்த இரண்டு மட்டங்களிலும் இப்போது நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. ஓடர்டைக்கில் தேங்கிய சதுப்பு நீர், ரேபெர்க்கைச் சுற்றி வந்து, வெள்ளி வந்த அதே குழியில் விழுந்து, இரண்டு இடத்தில் விசையாழியைச் சுற்றிவிட்டு, ஸீபர் வடிகாலின் வழியே வெளியேறுகிறது.

அந்த இயந்திரங்களைப் பார்வையிடப் போகும் ஊழியர்கள் 1837இல் போட்ட ஃபார்குன்ஸ்டில்தான் இறங்குகிறார்கள். பலகையில் கால் வைத்து, வடத்தைப் பிடித்து, அது நிற்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் பக்கத்துப் பலகைக்கு மாறி, மறுபடி மாறி.